பெட்ரோல் பங்கில் ஆக்டேன் எண்ணை எழுதிப் போடுங்கள், பிறகு பிரீமியம் விற்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர், புதிதாக டர்போ கார் வாங்கியிருக்கிறேன், சாதாரண பெட்ரோல் போடுவதா, கூடுதல் விலைக்கு விற்கும் பிரீமியம் பெட்ரோல் போடுவதா என்று கேட்டிருந்தார். அவருக்குக் கிடைத்த பதில் இரண்டே வரி. வேகமான கார் என்றால் பிரீமியம்தான், இன்ஜின் ஆயுளும் கூடும், மைலேஜும் கூடும். இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் மறுநாள் பங்கில் போய் கூடுதல் காசு கொடுத்தார்களோ தெரியாது. அந்தப் பதில் பாதி சரி, பாதி தப்பு. தப்பான பாதிக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

அந்த வாசகரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியது, பெட்ரோல் டேங்க் மூடியின் கதவைத் திறந்து பார்த்தீர்களா என்பதைத்தான். கதவின் உள்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். டயர் காற்றழுத்த அட்டவணையும் சில கார்களில் அங்கேயே இருப்பதால் அதைப் பார்த்துவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். ரான் 91 அல்லது ரான் 95 என்று ஒரு எண் அதில் இருக்கும், ரான் என்பது ஆக்டேன் எண்ணை அளக்கும் ஒரு முறை. கார் கையேட்டில் இதே விஷயம் இன்னும் விவரமாக இருக்கும், குறைந்தபட்சம் எது, பரிந்துரை எது என்று தனித்தனியாக. இந்த இரண்டுக்கும் இடையில்தான் மொத்த விவகாரமும் இருக்கிறது. குறைந்தபட்சமே 95 என்று போட்டிருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, 95 போடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். குறைந்தபட்சம் 91, பரிந்துரை 95 என்றிருந்தால் அது உங்கள் விருப்பம், எங்கே எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெறும் 91 என்று மட்டும் இருந்தால் பிரீமியத்துக்குக் கொடுக்கும் காசில் வடை சாப்பிடலாம்.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்ற கணக்கு இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், பங்கில் வேலை பார்க்கும் தம்பிகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் சேர்ந்து அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைப்பதற்கு முன்போ, பற்றவைத்த தீ ஒரு ஓரத்திலிருந்து பரவிக்கொண்டிருக்கும்போதே மறு ஓரத்திலோ, கலவை தானாக வெடித்துவிடக் கூடாது. அப்படித் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவுதான் ஆக்டேன். ஐசோ ஆக்டேன் என்ற பொருளுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஒற்றை சிலிண்டர் சோதனை இன்ஜினில் ஓட்டிப் பார்த்து இந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். தாக்குப்பிடிக்காவிட்டால் வரும் சத்தத்தை நம் மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள், இன்ஜின் தட்டுகிறது என்பார்கள். பழைய கார்பரேட்டர் கார்களில் மேடு ஏறும்போது தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு உலுக்கியது போல் கேட்குமே, அதுதான்.

இப்போதைய கார்களில் அந்தச் சத்தம் ஏன் கேட்பதில்லை? இன்ஜின் பிளாக்கில் நாக் சென்சார் என்று ஒன்று போல்ட் போட்டு மாட்டியிருக்கிறது. நம் காதுக்கு எட்டுவதற்கு முன்பே அந்த அதிர்வை அது பிடித்துவிடும். உடனே இசியூ, அதாவது இன்ஜினின் கணினி, ஸ்பார்க் விழும் நேரத்தைச் சில டிகிரி தள்ளிப்போடும். தட்டல் நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். அதனால் பரிந்துரை 95 உள்ள காரில் 91 போட்டால் இன்ஜின் உடைந்துவிடாது. முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும் நேரத்தில் மட்டும் இழுவை கொஞ்சம் குறையும். அதே காரில் 95 போட்டால் இசியூ அந்த நேரத்தைத் தள்ளிப்போட வேண்டிய தேவை குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். 91-க்கு மட்டுமே வடிவமைத்த காரில் 95 போட்டால், அதைப் பயன்படுத்திக்கொள்ளும் வழி அந்த இசியூவில் பெரும்பாலும் இருக்காது. காசு போனதுதான் மிச்சம்.

என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி. 1.5 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க். இரண்டு வகை பெட்ரோலும் போட்டு ஓட்டியிருக்கிறேன். கோவைக்குள், அவிநாசி சாலையில் சிக்னலுக்கு சிக்னல் நகரும்போது எந்த வித்தியாசமும் இல்லை, இருக்கவும் முடியாது. இந்த இன்ஜினில் லோடு குறைவாக இருக்கும்போது நான்கில் இரண்டு சிலிண்டர் தானாக ஓய்வெடுத்துக்கொள்ளும். சேலம் நெடுஞ்சாலையில் 90-ல் போகும்போது டேஷ்போர்டில் அது தெரியும். பாதி சிலிண்டரே போதும் என்று இன்ஜின் சொல்லும் நேரத்தில் 95 ஆக்டேனுக்கு அங்கே என்ன வேலை?

வித்தியாசம் தெரியும் இடமும் உண்டு, அதையும் சொல்கிறேன். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஏப்ரல் வெயில், காரில் நான்கு பேர், பின்னால் பெட்டி நிறைய சாமான், ஏசி ஓடுகிறது. வளைவில் வேகம் விழுந்து, திரும்பியதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சாதாரண பெட்ரோலில் ஒரு சின்ன தயக்கம் இருக்கும், 95-ல் அது குறைவாக இருக்கும். உள்ளே வரும் காற்று சூடாக இருந்தால் தட்டல் சீக்கிரம் வரும், அதனால் மார்கழிக் குளிரில் இதே சாலையில் அந்த வேறுபாடு இன்னும் சுருங்கிவிடும். டர்போ இல்லாத கார்களுக்கு மலை மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைந்து தட்டலும் குறையும், ஊட்டி உயரத்தில் ஆக்டேன் தேவை கீழே இருப்பதைவிடக் குறைவுதான். டர்போ காரில் இந்தச் சலுகை பெரிதாகக் கிடையாது, காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதே டர்போவின் வேலை.

மலைப்பாதையில் பெட்ரோலைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. டர்போவும், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி இன்ஜெக்‌ஷனும் உள்ள இன்ஜினில் உயர்ந்த கியரிலேயே வைத்துக்கொண்டு, 1500 ஆர்பிஎம்மில் முழுதாக மிதிப்பதுதான் பெரிய ஆபத்து. ஸ்பார்க் விழுவதற்கு முன்பே பற்றிக்கொள்வது அந்தக் குறைந்த வேக, அதிக லோடு நேரத்தில்தான் நடக்கும், மோசமானால் பிஸ்டனையே உடைக்கும். மேனுவல் காராக இருந்தால் ஒரு கியர் இறக்குங்கள். 100 ஆக்டேன் ஊற்றிவிட்டு நான்காவது கியரில் மலை ஏறுபவரைவிட, சாதாரண பெட்ரோலில் இரண்டாவது கியரில் ஏறுபவரின் இன்ஜின் நன்றாக இருக்கும்.

சரி, மைலேஜுக்கு வருவோம். உங்கள் பக்கத்தில் மைலேஜ் கூடும் என்று எழுதியிருந்ததால் கணக்குப் போட்டே சொல்லிவிடுகிறேன். லிட்டர் 101 ரூபாய், பிரீமியம் அதைவிட 8 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம், ஊருக்கு ஊர் சில ரூபாய் மாறும். போட்ட காசு திரும்ப வர வேண்டுமானால் மைலேஜ் ஏறத்தாழ 8 சதவீதம் கூட வேண்டும். 12 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 13 கொடுக்க வேண்டும். நாலு ஆக்டேன் ஏறியதற்காக ஊருக்குள் ஓடும் எந்தக் காரும் இப்படிக் கொடுக்காது. 45 லிட்டர் டேங்குக்கு 360 ரூபாய் கூடுதல். மாதத்துக்கு மூன்று முறை நிரப்புபவருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். 100 ஆக்டேன் கதை இன்னும் வேடிக்கை. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100 என்று கொண்டுவந்ததே, அது லிட்டர் 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே 12 கிலோமீட்டர் கார் 19 கொடுத்தால்தான் கட்டுப்படியாகும். அதை வாங்குபவர்கள் மைலேஜுக்காக வாங்குவதில்லை, அவர்களுக்கு அது தெரியும். எனக்கும் அவர்கள்மேல் கோபம் ஒன்றும் இல்லை, காசு அவர்களுடையது. மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்பவர்கள்மேல்தான் கோபம்.

ஆக்டேன் வேறு, சக்தி வேறு என்பதற்கு எத்தனாலைவிட நல்ல சாட்சி கிடையாது. எத்தனாலின் ஆக்டேன் ஏறத்தாழ 108. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் வெப்பசக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி இன்று நாடு முழுக்க வந்துவிட்டது. கலப்பால் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 95-ஐத் தொட்டுவிட்டதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் விளக்கம் கொடுத்தது. அதே நேரத்தில், 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10-க்கு ஏற்ப அமைத்த நான்கு சக்கர வாகனங்களில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கை சொல்கிறது, இ20-க்கென்றே அமைத்த வண்டிகளில் 1 முதல் 2 சதவீதம். ஆக்டேன் ஏறியது, மைலேஜ் இறங்கியது. இரண்டும் ஒரே பெட்ரோலில்.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது, நியாயமான கேள்வி. சாதாரண பெட்ரோலே 95 ஆகிவிட்டது என்று அரசு சொன்னால், பிரீமியம் என்று தனியாக 95 விற்பது எதற்கு? 8 ரூபாய் எதற்கு? டிட்டர்ஜெண்ட் கலந்திருக்கிறோம், இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. உண்மைதான், அதற்குக் கொஞ்சம் பயன் உண்டு. ஆனால் நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் வால்வின் மேல் படாமல் நேராக சிலிண்டருக்குள் போய் விழுகிறது. இன்டேக் வால்வில் படியும் கரியை எந்த டிட்டர்ஜெண்ட் பெட்ரோலாலும் கழுவ முடியாது. விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அப்புறம், பிரீமியம் என்றாலே எத்தனால் கலக்காதது என்ற ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. எத்தனாலுக்குப் பயந்து 8 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். 95 ஆக்டேன் பிரீமியத்திலும் எத்தனால் கலக்கலாம், பெயரில் பிரீமியம் இருப்பது அதற்கு உத்தரவாதம் இல்லை.

பெயரை வைத்து ஏமாறுவது இன்று நேற்றைய கதையும் இல்லை. இருபது வருடங்களாக நம் பங்குகளில் பளபளப்பான பெயர்களில் பெட்ரோல் விற்கிறார்கள். இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ரா பிரீமியம் பல ஆண்டுகள் 91 ஆக்டேனும் சுத்தம் செய்யும் சேர்மானமும்தான், 2021-ல்தான் அந்த இடத்தில் எக்ஸ்பி95 வந்தது. அதுவரை பெயரைப் பார்த்து ஆக்டேன் அதிகம் என்று நினைத்துப் போட்டவர்கள் எல்லோரும் சோப்புக்குக் காசு கொடுத்தவர்கள்தான்.

இன்னொரு குழப்பம் இணையத்திலிருந்து வருகிறது. அமெரிக்கர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவர்கள் ஊரில் 91 என்றால் பிரீமியம், நம்மூர் சாதாரண பெட்ரோலே 91, அப்புறம் என்ன என்று நண்பர் ஒருவர் வாதம் செய்கிறார். அங்கே பம்பில் எழுதும் எண் வேறு கணக்கு. இரண்டு விதச் சோதனைகளின் சராசரியை அவர்கள் எழுதுகிறார்கள். அவர்களின் 87 நம் 91-க்குப் பக்கம், அவர்களின் 91 நம் 95-க்குப் பக்கம். கார் ஸ்டிக்கரில் இருக்கும் எண் ரான்தானா என்று பார்த்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

ரீமேப் செய்தவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. ஸ்டேஜ் 1 என்று சொல்லி இசியூவில் புது மென்பொருள் ஏற்றி 30, 40 குதிரைத்திறன் கூட்டிக்கொள்ளும் தம்பிகள் கோவையில் கணிசமாக இருக்கிறார்கள், செட்டிபாளையம் ட்ராக் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் பார்க்கலாம். அந்த மென்பொருளை 95-க்கோ 97-க்கோ எழுதியிருந்தால் அதற்குக் குறைவாக ஒரு லிட்டர்கூடப் போடக் கூடாது. கம்பெனி வைத்திருந்த பாதுகாப்பு இடைவெளியைத்தான் நீங்கள் குதிரைத்திறனாக மாற்றியிருக்கிறீர்கள். ரீமேப்புக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டு பெட்ரோலில் எட்டு ரூபாய் மிச்சம் பிடிப்பவர்களிடம் என்ன சொல்வது. ட்ராக்கில் ஓட்டுபவர்களுக்கும் இதேதான், ஒரு சுற்றில் பாதி நேரம் ஆக்சிலரேட்டர் தரையோடு இருக்கும் இடத்தில் நல்ல ஆக்டேன் போடுவது வீண்செலவு இல்லை.

வெளிநாட்டிலிருந்து முழுதாக இறக்குமதியாகும் கார்களும் இதே வகை. 2025-ல் முதலில் 150 கார்கள் என்று இங்கே வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ போன்ற 265 குதிரைத்திறன் வண்டியை வைத்துக்கொண்டு சாதாரண பெட்ரோல் போதுமா என்று கேட்பவர் குறைவு. ஆனால் அவர் ராமேஸ்வரம் போகும் வழியில் எந்தப் பங்கிலும் 95 கிடைக்காமல் மாட்டிக்கொள்ளலாம். அதற்காகப் பதற வேண்டாம். பத்து லிட்டர் சாதாரணம் போட்டுக்கொண்டு, முழுதாக மிதிக்காமல் ஓட்டி, 95 கிடைக்கும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். இரண்டும் டேங்கில் கலந்தால் ஒன்றும் ஆகாது, 91-ம் 95-ம் பாதிப் பாதி சேர்ந்தால் கிட்டத்தட்ட 93. இன்னொன்று, நகரத்துக்கு வெளியே பிரீமியம் மெதுவாகத்தான் விற்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் தரைக்கடியில் இருக்கும் டேங்கில் வாரக்கணக்கில் கிடந்து, அதில் கொஞ்சம் தண்ணீரும் இறங்கினால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். கூட்டம் இருக்கும் பங்கில் சாதாரண பெட்ரோல், ஈ ஓட்டும் பங்கில் பிரீமியம் என்று இருந்தால் நான் முதலாவதைத்தான் போடுவேன்.

இப்போது பங்குக்கு வருகிறேன், இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். எங்கள் பகுதியில் ஒரு பங்கில் கார் நின்றதும் கேட்காமலேயே பிரீமியம் நாசிலை எடுப்பது வழக்கமாகிவிட்டது. நார்மல் போடப்பா என்றால், 'நார்மல் வர லேட் ஆகுங்ண்ணா, இதுல பிக்கப் நல்லாருக்கும், போட்டு விட்ரட்டுமா' என்பார்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்காக நாமும் தலையாட்டிவிடுகிறோம். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவரின் பழைய ஆல்டோவுக்கும் அப்படித்தான் ஊற்றினார்கள். 'ஏங் கண்ணு, இது எந்தப் பெட்ரோலு' என்று அவர் கேட்டதற்கு, 'நல்ல பெட்ரோலுங்கய்யா' என்று பதில். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் பிரீமியம் தள்ள வேண்டும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் அடிக்கப் போனால் 92-ஆ 95-ஆ என்றுதான் பேச்சு, பம்பிலேயே அந்த எண் இருக்கும். கோலாலம்பூரில் 95, 97. சிங்கப்பூரில் 92, 95, 98. ஐரோப்பாவில் 2018-லிருந்து எத்தனால் அளவை வட்டத்துக்குள் எழுதி பம்பிலும், புதுக் கார்களின் டேங்க் மூடி அருகிலும் ஒரே குறியீடாக ஒட்டுகிறார்கள், இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். நம் பங்குகளில் அன்றைய அடர்த்தியைக் காட்டுகிறார்கள். அடர்த்தி என்றால் என்ன, எந்த எண் சரி, எந்த எண் தப்பு என்று பெட்ரோல் போட வருபவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூடத் தெரியாது, கன மீட்டருக்கு 720-லிருந்து 775 கிலோ வரை இருக்கலாம் என்பதை நானே தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை எழுதுகிறார்கள், காருக்கு நிஜமாகவே தேவைப்படும் ஆக்டேன் எண்ணை சாதாரண பெட்ரோல் நாசிலில் எழுதுவதில்லை. அது 91-ஆ, அமைச்சகம் சொன்ன 95-ஆ என்று பம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. எத்தனால் பற்றி சில இடங்களில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, அதுவும் வெயிலில் வெளுத்து.

எண்ணெய் நிறுவனங்களிடமும் அமைச்சகத்திடமும் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு நாசிலுக்கு மேலும், விலை தெரியும் அதே அளவு எழுத்தில், ஆக்டேன் இத்தனை, எத்தனால் இத்தனை சதவீதம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பில்லிலும் அதே இரண்டு எண்ணை அச்சடியுங்கள், அடர்த்திக்கு இடம் இருக்கும்போது இதற்கும் இடம் இருக்கும். சாதாரணம், பிரீமியம் இரண்டும் உள்ள பங்கில் எது வேண்டும் என்று கேட்டுவிட்டு நாசிலை எடுப்பதைக் கட்டாயமாக்குங்கள். உங்கள் வாகனப் பக்கத்தில் பதில் எழுதுபவரிடமும் ஒரு வேண்டுகோள். அந்த வாசகர் எந்தக் கார் வாங்கினார், அவருடைய டேங்க் கதவில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டு அடுத்த வாரம் திருத்திப் போட்டுவிடுங்கள், பாவம், அதுவரை அவர் பிரீமியம் ஊற்றிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிங்காநல்லூர், கோவை.